முழுக்கை ரவிக்கை

1

ஸ்வீடனில் எங்கள் வீட்டுக் கதவின் நடுவில் ஒரு பிளவு உண்டு. தபால்காரர் காலை பத்து மணி வாக்கில் அதன் வழியாகக் கடிதங்களை உள்ளே தள்ளிவிட்டுப் போவார். ஊரிலிருந்து வரும் நீலக் கடிதம் என்றால் ஓடிப்போய் எடுப்பேன். ஜன்னல் வைத்த பழுப்பு உறை என்றால் ஒரு காபி போட்டுக் குடித்துவிட்டுத்தான் தொடுவேன். இந்த நாட்டில் நல்ல சேதி, கெட்ட சேதி இரண்டையும் ஒரே குரலில்தான் எழுதுவார்கள். கடைசி வரிவரை படித்தால்தான் நம்மைப் பாராட்டுகிறார்களா திட்டுகிறார்களா என்று தெரியும்.

நான் இங்கே வந்து பத்தாவது வருஷம் நடக்கும்போது வந்தது அப்படி ஒரு உறை. மகளின் பள்ளிக்கூடத்திலிருந்து.

மகளின் பெயர் உலகம்மாள். தென்காசியில் பிறந்த எனக்கு உலகம்மனை விட்டால் வேறு பெயர் தோன்றவில்லை. இங்கே அந்தப் பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. முதல் வகுப்பு டீச்சர் அதை 'உல்லா' என்று நறுக்கிவிட்டார். உல்லா என்பது அவர்கள் ஊர்ப் பெண் பெயர். பிள்ளையும் தன் நோட்டுப் புத்தகத்தில் உல்லா என்றே எழுத ஆரம்பித்துவிட்டாள். நான் மட்டும் வீட்டில் முழுப் பெயரையும் சொல்லிக் கூப்பிடுகிறேன், பிடிவாதமாக.

கடிதத்தில் இருந்தது இதுதான். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை வாரம் ஒருநாள் நகராட்சி நீச்சல் குளத்துக்கு அழைத்துப் போகிறார்கள். குளத்தில் இறங்குமுன் எல்லாரும் உடையில்லாமல் சோப்புப் போட்டுக் குளிக்க வேண்டும் என்பது விதி. உல்லா மூன்று வாரமாக அதற்கு மறுத்து, மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். திரும்பிய பக்கமெல்லாம் ஏரி உள்ள இந்த ஊரில் நீந்தத் தெரியாத பிள்ளை ஆபத்தில் இருக்கும் பிள்ளை. வசந்தத்தில் வகுப்பே படகில் தீவுக்குப் போகும். நீந்தத் தெரியாதவர்களைப் படகில் ஏற்ற மாட்டார்கள்.

கீழே ஒரு படிவம். காரணம் என்ற இடத்தில் நான்கு கட்டங்கள்: சளி, காதுவலி, தோல் நோய், வேறு. மூன்றாவது கட்டத்தைப் பார்த்ததும் படிவத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். ஏன் என்று சொல்கிறேன்.

2

எனக்கு உடம்பில் வெள்ளை உண்டு. வெண்புள்ளி என்று கௌரவமாகச் சொல்லலாம். நான் சிறுமியாக இருந்தபோது ஊரில் அதைப் பெருநோயின் பெயரைச் சேர்த்துத்தான் சொல்வார்கள்.

எழுபதுகளின் தொடக்கம். எட்டாம் வகுப்பில் இருந்தேன். வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துவிடும்போது அம்மாவின் கை என் விலாவில் நின்றுவிட்டது.

"ஏட்டி, இது எப்பருந்து இருக்கு?"

எது என்றே எனக்குத் தெரியாது. குனிந்து பார்த்தேன். புளியங்கொட்டை அளவுக்கு ஒரு வெளுப்பு. அம்மா கதவுத் தாழ்ப்பாள் போட்டிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒருத்திட்டயும் மூச்சு விடப்படாது. ஒங்க அப்பாட்டகூட" என்றாள்.

செங்கோட்டையில் ஒரு வைத்தியர் கார்போகரிசி அரைத்துப் பூசி வெயிலில் காட்டச் சொன்னார். மொட்டைமாடிக் கொடியில் அம்மா இரண்டு சேலைகளைக் குறுக்கும் நெடுக்கும் கட்டி ஓர் அறை செய்தாள். நான் அதற்குள் விலாவை வெயிலுக்குக் காட்டிக்கொண்டு நிற்பேன். அவள் வெளியே நின்று வடகம் காயப்போடுவதுபோல் பாவனை செய்வாள். அந்தக் கோடையில் எங்கள் வீட்டில் காய்ந்த வடகம் தெருவுக்கே போதும். மீன் கிடையாது, தயிர் கிடையாது, கத்திரிக்காய் கிடையாது. தோல் கொப்புளித்தது, ஆறியது. ஆறின பிறகு பார்த்தால் வெள்ளை அதே இடத்தில் இருந்தது. பக்கத்தில் புதிதாக இன்னொன்று.

தென்காசிக்காரிக்கு உடம்பை மறைப்பதில் ஒரு பெரிய தொல்லை உண்டு. அதன் பெயர் குற்றாலம். ஆனி பிறந்து சாரல் விழுந்துவிட்டால் இருக்கிற சொந்தக்காரர்களும் புதிதாக முளைத்த சொந்தக்காரர்களும் பெட்டியோடு வீட்டில் வந்து இறங்கிவிடுவார்கள். தினமும் காலையில் அருவி. அங்கே போனால் ஆண்கள் பக்கம் ஒரே கோமணக் கூட்டம். எண்ணெய் வழிய வழிய, தொந்தியும் தொடையும் மினுங்க, வெட்கம் என்பதையே கேள்விப்படாதவர்களாக நடுவழியில் நின்று மசாஜ் செய்துகொண்டிருப்பார்கள். அதில் யார் தாசில்தார், யார் அவருடைய பியூன் என்று கண்டுபிடிக்க முடியாது. பெண்கள் பக்கம் மாரோடு பாவாடை கட்டிக் குளிப்பார்கள். நனைந்த துணி உடம்போடு ஒட்டும். தோளும் முதுகும் திறந்திருக்கும். எனக்குள்ள வெள்ளை அங்கே ஒரு நிமிஷம்கூட ஒளிந்திருக்க முடியாது.

ஆகவே எனக்கு ஒரே சீசனில் ஐந்து தடவை வீட்டுவிலக்கு வந்தது. மதுரைச் சித்தி விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "அக்கா, புள்ளைய ஒரு டாக்டர்ட்ட காட்டுங்கக்கா" என்று பயந்துபோய்ச் சொன்னாள்.

எல்லாரும் குளிக்கப் போகும்போது அம்மா, "நீங்க போங்க. துணியையும் பிள்ளையையும் நான் பாத்துக்கிடுதேன்" என்பாள். கல்லில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொள்வாள். கையில் குரங்கு விரட்ட ஒரு குச்சி. பக்கத்தில் நான். அருவிச் சத்தத்தில் ஒன்றும் பேச முடியாது. காற்றடித்தால் துளிகள் முகத்தில் வந்து விழும். என் வயதுப் பெண்கள் பல் கிட்டிக்க நடுங்கிக்கொண்டு, சிரித்துக்கொண்டு ஓடிவருவார்கள். நான் அவர்களைப் பார்ப்பேன், அம்மாவைப் பார்ப்பேன். மனசுக்குள் அவளுக்குக் காவல்காரி என்று பெயர் வைத்திருந்தேன். அவ்வளவு கோபம்.

இருபது வயதில் கல்யாணம். மாப்பிள்ளை ஸ்வீடனில் என்ஜினியர். அம்மா அவசரப்பட்டுச் சம்மதித்தது சம்பளத்துக்காக என்று ஊர் நினைத்தது. குளிருக்காக என்று எனக்குத் தெரியும். வருஷத்தில் எட்டு மாசம் கழுத்துவரை மூடிக்கொள்கிற நாட்டைத் தேடிப்பிடித்து என்னை அனுப்பினாள்.

அவரிடம் முன்னால் சொல்லவில்லை. அது தப்புதான். மூன்றாம் மாதம் அழுதுகொண்டே நானாகச் சொன்னேன். "தெரியும். எனக்குக் கண்ணு இல்லையா? நீ சொல்லட்டும்னு இருந்தேன்" என்று சொல்லிவிட்டு அவர் செய்தித்தாளைத் திருப்பினார். நிம்மதியாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது. மூன்று மாசமாக நான் பட்ட பாட்டுக்கு என்ன கணக்கு?

3

மகள் பிறந்தபோது எல்லாரும் முகத்தைப் பார்த்தார்கள். நான் தோலைப் பார்த்தேன்.

அவள் வளர வளர அது பழக்கமாகிவிட்டது. பெண்களுக்குச் செவ்வாயும் வெள்ளியும் என்ற நம்மூர் வழக்கம் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு இங்கே ஒத்துவரவில்லை. சனிக்கிழமை எண்ணெய்க்குளியல் என்று வைத்துக்கொண்டேன். இவர்கள் மொழியில் சனிக்கிழமையின் பெயருக்குப் பழைய அர்த்தம் குளியல் நாள் என்பதுதான் என்று பின்னால் தெரிந்துகொண்டு வியந்தேன். ஊரிலிருந்து தகரடப்பாவில் வரும் நல்லெண்ணெயைச் சூடாக்கி, குளியலறை பல்புக்கு நேராக அவளை உட்காரவைத்து, கதை சொல்லிக்கொண்டே முழங்கை, முழங்கால், பிடரி, முதுகு என்று ஒவ்வோர் இடமாகப் பார்ப்பேன். ஒன்றும் இராது. அடுத்த சனிக்கிழமை மறுபடியும் பார்ப்பேன். அவளுக்கு இது தெரியாது என்று நினைத்திருந்தேன்.

கடிதம் வந்த அன்று சாயங்காலம் கேட்டேன். அவளிடம் நான் எங்கள் ஊர்ப் பேச்சில்தான் பேசுவேன். அவளுடைய தமிழும் அதுதான். பனியில் விளையாடிவிட்டு வந்து அவள் "அங்கன ஒரே வழுக்குதும்மா" என்று சொல்லும்போது எனக்குச் சிரிப்பாக வரும். அன்று சிரிப்பு வரவில்லை.

"ஏன் குளிக்க மாட்டேங்குதே?"

"எல்லாரும் பாப்பாக."

"பாத்தா என்ன? அவகளுந்தான குளிக்குதாக?"

"அவகளுக்கு ஒண்ணும் இல்ல. எனக்கு இருக்குல்லா?"

"ஒனக்கு என்ன இருக்கு?"

அவள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். "எனக்கு எப்படித் தெரியும்? நீதான் சனிக்கிழமை சனிக்கிழமை தேடுதே. இன்னும் கிடைக்கலையா?"

ஒரு மருகூட இல்லாத பிள்ளை. தன் உடம்பில் எங்கோ, தன் கண்ணுக்கு எட்டாத இடத்தில், ஏதோ ஒரு அசிங்கம் இருக்கிறது என்று நம்பிக்கொண்டு மூன்று வாரமாகக் கோட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். எனக்கு அம்மா கொடுத்ததை நான் சிந்தாமல் சிதறாமல் அவளுக்குக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறேன். வெள்ளையைக் கொடுத்திருந்தால்கூடப் பரவாயில்லை.

"ஒண்ணும் இல்லம்மா. ஒனக்கு எங்கயும் ஒண்ணும் இல்ல" என்றேன்.

அவள் நம்பவில்லை. "அப்ப நீ ஏன் பூட்டிட்டுக் குளிக்குதே? நீ குளத்துக்கு வா. நீ குளிச்சா நானும் குளிக்கேன்" என்றாள்.

படிவத்தில் 'வேறு' என்ற கட்டத்தில் கோடு போட்டேன். விளக்கவும் என்ற இடத்தில் எனக்குத் தெரிந்த ஸ்வீடிஷில் ஒரே ஒரு சொல் எழுதினேன்: 'அம்மா.' கையெழுத்தைத் தப்பான இடத்தில் போட்டுவிட்டேன் என்று டீச்சர் நினைத்திருப்பார்.

4

சனிக்கிழமை கிளம்பினோம். தண்ணீருக்குப் போவதென்றால் எங்கள் ஊரில் ஒரு முறை உண்டு. உச்சி முதல் உள்ளங்கால்வரை எண்ணெய் தேய்த்துக்கொள்ள வேண்டும். அருவியின் குளிர் எலும்புக்குள் இறங்காது. கைப்பழக்கத்தில் அவளுக்கும் தேய்த்து, எனக்கும் தேய்த்துக்கொண்டேன். அன்றைக்கு அவள் உடம்பில் நான் எதையும் தேடவில்லை. அதுவே பெரிய சாதனை என்று நினைத்துக்கொண்டதில், மற்றதெல்லாம் யோசிக்கத் தோன்றவில்லை.

தபாலில் வரவழைத்த நீச்சல் உடை உள்ளே. அதற்கு மேல் மாரோடு கட்டிய பாவாடை. அதற்கு மேல் முழுக்கோட்டு. குளியல் கூடத்தில் பெண்கள் நிறைய நின்றிருந்தார்கள் என்பது மட்டும் தெரியும். நான் தலையை நிமிர்த்தவே இல்லை. மூலையில் ஒரு குழாய்க்கடியில் பாவாடையோடு நின்று, நனைந்தேன் என்று பேர் பண்ணிவிட்டு நேராகப் போய்க் குளத்தில் இறங்கினேன். என்னைப் பார்த்து மகளும் நீச்சல் உடையோடு அப்படியே வந்து இறங்கினாள்.

பாவாடை காற்றை வாங்கிக்கொண்டு என்னைச் சுற்றிக் குடைபோல எழும்பியது. அதை அமுக்குவதில் மும்முரமாக இருந்தேன். நிமிர்ந்தபோது பக்கத்தில் இருந்தவர்கள் விலகிக்கொண்டிருந்தார்கள். என்னிலிருந்து புறப்பட்டு, வானவில் நிறத்தில், நல்லெண்ணெய் குளம் முழுக்கப் பரவிக்கொண்டிருந்தது.

குளத்துக்குப் பொறுப்பான அம்மாள் மரச்செருப்பு டக்டக்கென்று வந்தாள். அறுபது வயது இருக்கும். இங்கெர் என்று பெயர்ப்பட்டை. குனிந்து தண்ணீரில் இரண்டு விரலை விட்டு மோந்து பார்த்தாள்.

"எள்ளா?"

"ஆமாம்."

"எவ்வளவு?"

"கால் லிட்டர் இருக்கும். இரண்டு பேருக்கும் சேர்த்து."

இங்கெர் கண்ணை மூடித் திறந்தாள். அந்தப் பக்கத்தைக் கயிறு கட்டி அடைத்தார்கள். எங்கள் இருவரையும் குளியல் கூடத்துக்குத் திரும்பக் கூட்டிக்கொண்டு போனாள். சுவரில் ஒரு மனித உருவப் படம், எங்கெங்கே சோப்புப் போட வேண்டும் என்று சிவப்பு வட்டங்களோடு. படத்தைக் காட்டினாள். என் பாவாடையைக் காட்டினாள். "இது இல்லாமல்" என்றாள்.

"என்னால் முடியாது. எனக்கு இருக்கிறது" என்றேன். சொன்ன பிறகுதான் தெரிந்தது, அது மகள் சொன்ன அதே வார்த்தை.

"எல்லாருக்கும் ஏதாவது இருக்கிறது. சோப்பு அங்கே" என்றாள் இங்கெர்.

அப்போதுதான் தலையை நிமிர்த்திப் பார்த்தேன்.

பார்த்ததை எப்படிச் சொல்வது என்று இன்னும் தெரியவில்லை. முப்பது வயதில் முதல்முறையாக மனித உடம்பைப் பார்த்தேன். ஒரு பாட்டியம்மாள், எண்பதைத் தாண்டியவள், மார்பு இடுப்புவரை தொங்க, ஒரு காலைத் தூக்கிப் பெஞ்சில் வைத்து விரலிடுக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஒருத்திக்கு வயிறு மூன்று மடிப்பு. மடிப்பு மடிப்பாகத் தூக்கிக் கழுவினாள். ஒருத்திக்குத் தொப்புளிலிருந்து கீழே வரை அறுவைத் தழும்பு. ஒருத்திக்கு ஒரு பக்கம் மார்பே இல்லை. அந்த இடத்தில் தோல் சுருங்கி ஒரு கோடு. அவள் பக்கத்திலிருந்தவளிடம் உருளைக்கிழங்கு இந்த வருஷம் சின்னதாக இருப்பதைப் பற்றிக் குறைப்பட்டுக்கொண்டிருந்தாள். ஆவிக்குள் இவ்வளவு பேர் நின்றார்கள். ஒருத்தி உடம்பும் இன்னொருத்தி உடம்பு மாதிரி இல்லை. ஒருத்தியும் எதையும் மறைக்கவில்லை, காட்டவும் இல்லை. கோயில் பிராகாரத்தில் நிற்கிற மாதிரி எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. மிகைப்படுத்தவில்லை.

பாவாடை முடிச்சைத் தேடினேன். ஈரத்தில் இறுகிக் கிடந்தது. நகம் போகவில்லை.

"நா அவுக்கேன்" என்று மகள் வந்தாள். சின்ன விரல்கள். ஒரு நிமிஷத்தில் அவிழ்த்துவிட்டாள்.

விலாவில், வயிற்றில், தொடையில் இருந்ததையெல்லாம் நிதானமாகப் பார்த்தாள். "இதத்தான் தேடுனியா?"

"ஆமா."

"இவ்வளவுதானா?" என்றாள். குரலில் கொஞ்சம் ஏமாற்றம்கூட இருந்தது. பிறகு என்னைச் சுற்றி வந்தாள். "முதுகுல பெருசா இருக்கு. ஒனக்குத் தெரியுமா? தோள்லருந்து இடுப்பு வரைக்கும், ஓரமெல்லாம் வளைஞ்சு வளைஞ்சு. நல்லா இருக்கும்மா."

எனக்குத் தெரியாது. நான் என் முதுகைப் பார்த்ததே இல்லை. இங்கெர் தரை கழுவுகிற பச்சை சோப்பை ஒரு வாளியில் கொண்டுவந்து, "எண்ணெய்க்கு இதுதான் சரி" என்று முதுகில் ஊற்றினாள். அந்த ஒற்றை மார்புக்காரி எட்டிப்பார்த்து, "வாசனை நன்றாக இருக்கிறதே, எங்கே கிடைக்கும்?" என்று கேட்டாள். நான் அழுதுகொண்டிருந்தேன். ஷவருக்கடியில் அழுவதில் ஒரு சௌகரியம், யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம்.

அடுத்த வாரம் மகள் வகுப்போடு குளித்தாள், நீந்தினாள். வசந்தத்தில் தீவுக்கும் போய்வந்தாள். சனிக்கிழமை எண்ணெய் இப்போதும் உண்டு. பல்புக்கு நேராக உட்காரவைப்பதில்லை.

5

இங்கே பள்ளி விடுமுறையும் குற்றாலச் சீசனும் ஒரே நேரத்தில் வருகின்றன. இந்த வருஷம் மகளும் நானும் ஊருக்குப் போனோம். வெள்ளை அதற்குள் மணிக்கட்டுவரை இறங்கியிருந்தது. கடிதத்தில் அம்மாவிடம் சொல்லியிருந்தேன். வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றுமுன் அம்மா ஒரு பொட்டலத்தை நீட்டினாள். டெய்லரிடம் சொல்லித் தைத்துவைத்த ஆறு முழுக்கை ரவிக்கைகள். நானும் போட்டுக்கொண்டேன். ஸ்வீடனில் பெற்ற ஞானமெல்லாம் திருநெல்வேலி ஜங்ஷனைத் தாண்டவில்லை. எதிர்வீட்டு அண்ணாச்சி, "அந்த ஊர்ல இப்பிடித்தான் போடுதாகளோ?" என்று மரியாதையாகக் கேட்டார்.

ஒரு வாரம் கழித்து மூவரும் குற்றாலம் போனோம். பையில் வாழைப்பழம், முறுக்கு, துண்டு, மாற்றுத்துணி. எனக்கு ஒரு முழுக்கை ரவிக்கையை அம்மா எடுத்துவைத்தாள். அவள் அந்தண்டை போனதும் அதற்கடியில் ஓர் அரைக்கையை நான் திணித்தேன். எதைப் போடப்போகிறேன் என்று எனக்கே தெரியாது.

அருவி அதே அருவி. அதே கல். அம்மா உட்கார்ந்து மடியில் பையை வைத்துக்கொண்டாள்.

"பிள்ளைய ஓரத்துல நனைச்சுக் கூட்டிட்டு வந்துரு. நீ சேலையோட நில்லு, போதும்."

"நானும் குளிக்கப் போறேம்மா. எல்லாரையும் போல."

"ஊரே நிக்குட்டி."

"நிக்கட்டும்."

"கூறு கெட்டவளே, இத்தன வருஷம் கட்டிக் காத்தேன். இப்ப ஒன் பிள்ளைக்கு நாளைக்கு மாப்பிள்ள பாக்கும்போது இதையே சொல்லிக்காட்டுவாக" என்று அம்மா கத்தினாள். அருவிச் சத்தத்தில் வேறு யாருக்கும் கேட்டிருக்காது.

மகள் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் உடை மாற்றும் மறைப்பறைக்குள் போய்ப் பாவாடையை மாரோடு கட்டிக்கொண்டு, தோளும் கையும் முதுகும் தெரிய வெளியே வந்தேன். கால் கூசியது. யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று காதெல்லாம் சூடாக இருந்தது. அப்படியே அவள் கையைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் நுழைந்துவிட்டேன்.

எட்டாம் வகுப்பிலிருந்து அந்தச் சத்தத்தை வெளியிலிருந்தே கேட்டிருக்கிறேன். உள்ளே அது சத்தமே இல்லை. உச்சந்தலையில் விழுந்து, பிடரியில் விழுந்து, தோளை அடித்து, மூச்சைப் பிடுங்கிக்கொண்டு, நீ யார் எவள் என்பதையெல்லாம் இடித்துத் தள்ளிவிட்டு ஓடுகிறது. மலை உச்சியில் எங்கோ பெய்த மழை என் மேல் விழுகிறது! கண்ணைத் திறக்க முடியவில்லை. யாராலும் திறக்க முடியாது. இத்தனை வருஷமாக நான் பயந்த அந்தக் கூட்டத்தில், ஒருத்தி கண்ணும் திறந்திருக்கவில்லை.

யாரோ என் கையில் பாதி எலுமிச்சம்பழத்தைத் திணித்தார்கள். "அக்கா, முதுகு எட்டல. கொஞ்சம் தேய்ச்சு விடுங்க." புளியங்குடிக்காரி. எலுமிச்சை மண்டியில் பழம் பிரிக்கிற வேலையாம். தேய்த்துவிட்டேன். "நீங்க திரும்புங்க" என்று என்னைத் திருப்பினாள். அவள் கை ஒரு விநாடி நின்றது. அந்த நிற்பு எனக்குப் பழக்கமானது.

"வெள்ளையாக்கா?"

"ஆமா."

"எங்க மண்டி கணக்கப்பிள்ளைக்கும் இருக்கு" என்று சொல்லிவிட்டு அழுத்தித் தேய்த்தாள். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க, தண்ணிய மறைக்கேளே."

வெளியே வந்து பார்த்தேன். அம்மா கல்லில் பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண் எங்கள் மேலேயே இருந்தது. அந்தப் பார்வையை நான் அதற்கு முன்னால் கவனித்ததில்லை. அது காவல்காரியின் பார்வை இல்லை. கடைவாசலில் நின்று பலகாரத்தைப் பார்க்கும் பிள்ளையின் பார்வை.

அம்மா பிறந்தது இலஞ்சி. அருவிக்கு நடந்தே வந்துவிடலாம். சின்ன வயசில் சீசன் முழுக்க இங்கேயேதான் கிடந்தாள் என்று மாமா சொல்வதுண்டு.

"கடைசியா எப்பம்மா இங்கன குளிச்ச?"

அம்மா யோசிக்கவில்லை. "நீ ஏழாங் கிளாஸ்ல இருக்கும்போது."

"அதுக்கப்புறம் ஏன் குளிக்கல?"

"ஒனக்கு இல்லாத தண்ணி எனக்கு எதுக்குட்டி?" என்றாள் எரிச்சலாக. இதெல்லாம் ஒரு கேள்வியா என்பதுபோல.

என் வெள்ளையை மறைக்கிற காவல் என்று நினைத்திருந்தேன். எனக்குக் கல்யாணமாகி, நான் கடல் தாண்டிப் போய்ப் பத்து வருஷமான பிறகும், சொந்தக்காரர்களோடு சீசனுக்குச் சீசன் வந்து இதே கல்லில் துணியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நாற்பதடி தூரத்தில் அருவி. அவ்வளவு பெரிய வைராக்கியத்தை நான் காவல்காரி என்று சொல்லியிருக்கிறேன்.

"வாம்மா."

"துணிய யாரு பாப்பா?"

மகள் பையை அவள் மடியிலிருந்து எடுத்துக் கல்லில் வைத்தாள். "வாங்க ஆச்சி, அங்கன ஒண்ணும் வழுக்காது" என்று ஒரு கையைப் பிடித்தாள். நான் இன்னொரு கையைப் பிடித்தேன். அம்மா இரண்டு எட்டு இழுத்தபடி வந்தாள். மூன்றாவது எட்டில் எங்களை அவள் இழுக்க ஆரம்பித்தாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கூட்டத்தை முழங்கையால் விலக்கிக்கொண்டு, பாறையோரமாக எங்களை ஓரிடத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"இங்கன நில்லுங்கட்டி! இங்கனதான் அடி நல்லா விழும்!"

அவள் கால் அந்த இடத்தை மறக்கவில்லை. முகத்தை நிமிர்த்தித் தண்ணீரை வாங்கிக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி ஓ என்று கத்தினாள். என் அம்மாவுக்கு அப்படி ஒரு குரல் இருப்பது எனக்குத் தெரியாது.

எவ்வளவு நேரம் நின்றோமோ, வெளியே வந்தபோது மறைப்பறைப் பக்கம் ஒரே சிரிப்பு. பை கவிழ்ந்து கிடந்தது. வாழைப்பழத்தைக் காணோம். அறைக் கூரை மேல் ஒரு தடியன் குரங்கு என் முழுக்கை ரவிக்கையை வைத்துக்கொண்டு, பழம் இருக்கிறதா என்று ஒரு கையை உள்ளே விட்டுத் துழாவிக்கொண்டிருந்தது. கை முழுவதும் உள்ளே போய் மறுமுனையில் விரல் வெளியே வந்தது. புளியங்குடிக்காரி ஒரு முறுக்கைத் தூக்கிக் காட்டி, "ஆச்சி, இத வீசுனா அது துணியப் போட்டுரும்" என்றாள்.

அம்மா தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட அண்ணாந்து பார்த்தாள். பிறகு குனிந்து பையைத் துழாவி, அடியில் நான் திணித்துவைத்த அரைக்கை ரவிக்கையை எடுத்து உதறி என்னிடம் நீட்டினாள்.

"அத அது போட்டுக்கிடட்டும். நீ இதப் போட்டுட்டு வா."